ப்ளைட் சிமுலேட்டரில் தாமிரபரணி மேடேறுவது ஏன்?

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் விரும்பி இன்ஸ்டால் செய்யும் விளையாட்டுகளில் ஒன்று ப்ளைட் சிமுலேட்டர். விமானத்தை மேலே ஏற்றப் பழகியதும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, சொந்த ஊருக்கு மேலே ஒரு சுற்று பறந்து பார்ப்பதுதான். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம். வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சின்ன செஸ்னா விமானத்தில் கிளம்பி, தென்மேற்காகத் திரும்பினால் ஐந்தாறு நிமிடத்தில் ஊர் வந்துவிடும்.

வந்துவிடும் என்றாலும், அது நம்முடைய ஊர்தானா என்று சில நேரம் சந்தேகமாக இருக்கும். தாமிரபரணி கரை மேல் ஏறி இறங்கி ஓடும். அணைக்கட்டைக் காணோம். தரையில் நீளமாக ஒரு கீறல் தெரியும். மேற்கே பொதிகை மலை திடீரென்று உருவம் மாறும். தூரத்துக் குளம் ஒன்று மின்னி மின்னி மறையும்.

உடனே மனதில் எழும் கேள்வி, "கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதா? கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டுமா?" என்பதுதான். அவசரப்படாதீர்கள். இந்தக் கோளாறுகள் வரக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, நிலத்தைப் பற்றிய டேட்டா. இரண்டு, அந்த டேட்டாவைப் படமாக வரையும் முறை. மூன்று, உங்கள் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும். இந்த மூன்றில் எது காரணம் என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால், தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் பணம் செலவாகும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம்.

நிலம் எங்கிருந்து வருகிறது?

சிமுலேட்டரில் நீங்கள் பார்க்கும் நிலம் மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் இருப்பது உயர அளவுகள். அதாவது இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்ற எண்களின் பட்டியல். அதன் மேல் போர்வை போல விரிப்பது சாட்டிலைட் படம். அதற்கும் மேலே மரம், வீடு, பாலம், ஓடுபாதை போன்ற பொருள்கள்.

உயர அளவுகளில் உலகம் முழுக்கப் பிரபலமானது, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்கலம் எடுத்தது. பிப்ரவரி 11 முதல் 22 வரை பறந்த அந்த விண்கலம், 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை வெளியே நீட்டியது. கம்பத்தின் நுனியில் ஒரு ஆன்டெனா, விண்கலத்தில் இன்னொரு ஆன்டெனா. நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் ஆழம் தெரிகிறது அல்லவா? அதுபோல, ரேடார் அலைகளை இரண்டு இடத்தில் வாங்கி நிலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் இதில் அடங்கிவிட்டது. இதைச் சுருக்கமாக எஸ்.ஆர்.டி.எம். என்பார்கள்.

இந்த டேட்டா ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று சதுரம் சதுரமாக வெட்டி, தனித்தனி பைல்களாகத் தரப்படுகிறது. ஒவ்வொரு பைலிலும் 3,601 வரிசை, வரிசைக்கு 3,601 புள்ளிகள். மொத்தம் 1,29,67,201 உயர அளவுகள். ஒரு அளவுக்கு 2 பைட் வீதம் பைலின் அளவு 2,59,34,402 பைட், ஏறக்குறைய 25 எம்பி. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 30 மீட்டர் இடைவெளி. எல்லா அளவுகளும் முழு மீட்டரில்தான் இருக்கும். அரை மீட்டர், கால் மீட்டர் என்ற பேச்சே கிடையாது.

இந்த நான்கு வரிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் புரிந்துவிடும்.

78 டிகிரி கோட்டில் ஒரு கீறல்

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவன் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிமுலேட்டரில் தரையில் நீல நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது என்று அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். திரும்பி வந்து என்னிடம், "அண்ணே, கார்டு போச்சின்னு கடையில சொல்லுதாங்க. புதுசு மாத்தணுமாம்" என்றான்.

"கோடு எப்பவும் ஒரே இடத்துலயா வருது?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. வாகைகுளத்துல ஏறி இங்கிட்டுத் திரும்புனதுமே வந்துரும்."

அந்த இடத்தில் விமானத்தை நிறுத்தி வைத்து, திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்தோம். கோடு இருந்த இடம் கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரி. வடக்கே பறந்து பார்த்தாலும் கோடு அதே 78 டிகிரியில் நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். விமான நிலையம் 78 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் 78 டிகிரிக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே ஓடுபாதை ஒரு பைலிலும் எங்கள் ஊர் அடுத்த பைலிலும் இருக்கின்றன. நடுவில் இருப்பது இரண்டு சதுரங்களின் தையல். ஒட்டிய இரண்டு பைல்களிலும் ஓரத்து வரிசைப் புள்ளிகள் ஒன்றாகவே இருக்கும்படிதான் தருகிறார்கள். 3,600க்குப் பதில் 3,601 இருப்பதன் காரணமும் அதுதான். ஆனால் ஒரு சதுரம் பழைய பதிப்பாகவும் பக்கத்துச் சதுரம் திருத்திய பதிப்பாகவும் இருந்துவிட்டால் ஓரங்கள் ஒட்டாது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் படி விழும். அந்த இடுக்கு வழியாகப் பின்னால் இருக்கும் நீல வானம் எட்டிப் பார்க்கும்.

அந்தச் சிமுலேட்டரில் இரண்டு சதுரங்களுக்கான போல்டர்களையும் அழித்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகப் புதிதாக டவுன்லோட் செய்தோம். கோடு போய்விட்டது. கார்டை யாரும் தொடவில்லை.

ஆறு ஏன் மேடேறுகிறது?

ரேடார் அலை தரையைத்தான் தொட்டுத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அடர்ந்த மரங்கள் இருந்தால் இலைகளிலும் கிளைகளிலும் பட்டே திரும்பிவிடும். தாமிரபரணிக் கரையில் தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் சீமைக் கருவேலமும் நிறைந்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் டேட்டாவில் இருக்கும் உயரம் தரையின் உயரமாக இல்லாமல், தரைக்கும் மர உச்சிக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

தண்ணீரில் சிக்கல் வேறு மாதிரி. அசையாத தண்ணீர் கண்ணாடி போல ரேடார் அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். திரும்பி வருவது குறைவு என்பதால் அளவு தாறுமாறாக இருக்கும். இதைச் சரிசெய்ய, பிறகு டேட்டாவைத் திருத்தியவர்கள் 600 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏரிகளையும் 183 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளையும் சமமாக்கினார்கள். அதைவிடக் குறுகிய ஆற்றுப் பகுதிகளும் வாய்க்கால்களும் இந்தத் திருத்தத்தில் வரவில்லை. அங்கே மேடு பள்ளம் அப்படியே இருக்கும். அதன் மேல் சிமுலேட்டர் தண்ணீரை விரித்தால், தண்ணீரும் மேடேறி இறங்கும்.

அணைக்கட்டு காணாமல் போவதற்கும் இதே போன்ற காரணம்தான். தாமிரபரணியில் இருக்கும் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் இங்கிருந்துதான் பிரிகின்றன. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து அளந்தால், அணைச் சுவர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்துவிடும். சுவருக்கு மேற்கே நிற்கும் தண்ணீர் மட்டமும் கிழக்கே இருக்கும் மட்டமும் ஒரு சரிவாக மாறிவிடும். சாட்டிலைட் படத்தில் அணை தெரிந்தாலும், தரையில் கோலம் போட்டது போலத் தட்டையாகத்தான் கிடக்கும்.

டேட்டாவின் வயதையும் பாருங்கள். வாகைகுளம் ஓடுபாதை பல ஆண்டுகள் 1,350 மீட்டர் நீளத்தில் இருந்தது. விரிவாக்கத்தில் அது 3,115 மீட்டராக நீண்டது. புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. உங்கள் சிமுலேட்டரில் ஓடுபாதை குட்டையாக இருந்தால் அது பழைய டேட்டா என்று அர்த்தம்.

அடியில்லாக் குழியும் 212 மாடிக் கட்டடமும்

சில இடங்களில் தரையில் அடியே தெரியாத குழி விழுந்திருக்கும். எஸ்.ஆர்.டி.எம். பைலில், அளவு கிடைக்காத புள்ளிகளுக்கு மைனஸ் 32,768 என்ற எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். 2 பைட்டில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. "இங்கே அளவு இல்லை" என்பதற்கான அடையாளம். சாப்ட்வேர் இதைக் கவனிக்காமல் உண்மையான உயரம் என்று எடுத்துக்கொண்டால், 32 கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிவிடும்!

ஒரே ஒரு தவறான எண் என்ன செய்யும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாப்ட் ப்ளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு மேல் பறந்தவர்கள், சாதாரணக் குடியிருப்புப் பகுதி ஒன்றில் ஊசி போல ஒரு கட்டடம் வானத்தை முட்டி நிற்பதைப் பார்த்தார்கள். காரணம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யாரோ ஒருவர் மாடிகளின் எண்ணிக்கையை 2 என்பதற்குப் பதில் 212 என்று டைப் செய்திருந்தார். வரைபடத்தில் அது பிறகு திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் சிமுலேட்டர் எடுத்துக்கொண்டது பழைய பிரதியை. பார்த்த ஒவ்வொருவரின் கிராபிக்ஸ் கார்டும் நன்றாகத்தான் இருந்தது. சொன்னதைச் சரியாக வரைந்தது, அவ்வளவுதான்.

வரையும் முறையால் வரும் கோளாறுகள்

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே பறக்கும்போது, சுமார் 70 கிலோமீட்டருக்கு மேற்கே 1,868 மீட்டர் உயர அகத்தியமலை இருக்கிறது. அவ்வளவு தூரத்து மலையையும் காலடியில் இருக்கும் வயலையும் ஒரே நுணுக்கத்தில் வரைய எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. எனவே பக்கத்து நிலத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாலும், தூரத்து நிலத்தைப் பெரிய முக்கோணங்களாலும் வரைகிறார்கள். நீங்கள் நெருங்க நெருங்க பெரிய முக்கோணம் சின்னதாகப் பிரியும். அந்த நொடியில்தான் மலை உருவம் மாறுகிறது. பெரிய முக்கோணமும் சின்ன முக்கோணமும் சந்திக்கும் விளிம்பில் இடுக்கு விழுவதும் உண்டு. இந்த இடுக்கு நீங்கள் பறக்கப் பறக்க உங்களுடனேயே நகரும். 78 டிகிரி கீறல் அப்படி நகராது. இரண்டுக்கும் இதுதான் வித்தியாசம்.

தூரத்துக் குளம் மின்னுவதற்குக் காரணம் வேறு. எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் பார்க்க கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு 24 பிட் இருந்தால் 1,67,77,216 படிகள் கிடைக்கும். நிறையத்தானே என்று தோன்றும். ஆனால் வழக்கமான முறையில் இந்தப் படிகளில் பெரும்பகுதி விமானத்துக்கு மிக அருகிலேயே செலவாகிவிடும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து காட்சி தொடங்குவதாக வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வித்தியாசம்கூடத் தெரியும். 10 கிலோமீட்டர் தூரத்திலோ, 6 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றாகவே தெரியும். தண்ணீர் மேலேயா, மண் மேலேயா என்று கார்டுக்கே குழப்பம். ஒரு பிரேமில் தண்ணீரை வரையும், அடுத்த பிரேமில் மண்ணை வரையும். நமக்கு மின்னலாகத் தெரியும். புதிய சாப்ட்வேர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிப் போட்டு இதைப் பெருமளவு குறைத்துவிட்டன.

செலவு செய்யும் முன் ஐந்து சோதனைகள்

1. கோளாறு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தில் கோளாறு இல்லாமல் மானிட்டரில் மட்டும் தெரிந்தால் கேபிளையோ மானிட்டரையோ சந்தேகப்படுங்கள். படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரிவதும் ஸ்கிரீன்ஷாட்டில் வராது. அதற்கு செட்டிங்ஸில் வி-சிங்க் என்பதை ஆன் செய்து பாருங்கள்.

2. சிமுலேட்டரை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து அதே இடத்துக்குப் போங்கள். கோளாறு அதே இடத்தில் இருந்தால் பெரும்பாலும் டேட்டாதான் காரணம். இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய எப்எஸ்எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஷிப்ட், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை திரையில் வரும்.

3. நிலம் மங்கலாக இருந்து, சற்று நேரம் பொறுத்தால் தெளிவாகிறதா? அப்படியானால் இன்டர்நெட் வேகம் போதவில்லை. மைக்ரோசாப்டின் 2020 பதிப்பு நிலப் படங்களை இன்டர்நெட் வழியாகத்தான் வாங்குகிறது. வாங்கியதை ரோலிங் கேஷ் என்ற பைலில் சேமிக்கிறது. அந்தப் பைல் பழுதானாலும் கோளாறு வரும். அதை அழித்துவிட்டால் சிமுலேட்டர் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

4. வேறொரு சிமுலேட்டரில் அதே இடத்துக்கு மேல் பறந்து பாருங்கள். ப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் அந்த இடம் ஒழுங்காகத் தெரிந்தால் கார்டின் மேல் பழி போடாதீர்கள்.

5. வண்ணப் புள்ளிகள், வானம் வரை இழுபட்ட முக்கோணங்கள், சதுரம் சதுரமான கறைகள் ஆகியவை எந்த ஊருக்குப் போனாலும், வேறு கேம்ஸிலும், சில நேரம் விண்டோஸ் டெஸ்க்டாப்பிலும் வருகின்றனவா? இப்போது கார்டைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள். கேபினட்டைத் திறந்து விசிறியில் படிந்த தூசியை நீக்குங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் கடை. வாரண்டி பில்லை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

விளையாட்டோடு முடியாத விஷயம்

விளையாட்டில் ஆறு மேடேறினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே டேட்டா வேறு வேலைகளுக்கும் பயன்படுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது.

இன்டர்நெட்டில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் "உங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்" என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்று அதை வைத்து வெள்ளம் வருமா, வராதா என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தளங்களில் பலவும் நாம் மேலே பார்த்த டேட்டாவையோ அது போன்ற ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன. எஸ்.ஆர்.டி.எம். திட்டம் தொடங்கும்போது உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்றுதான் வரம்பு வைத்தார்கள். பல இடங்களில் அதைவிட நன்றாகவே அமைந்தது. ஆனாலும் சில மீட்டர் பிழை சாதாரணம். வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் வராததும் அரை மீட்டரில் தீர்மானமாகும் விஷயம். கரையோரத் தோப்பின் உச்சியை அளந்துவிட்டு அதை மேட்டு நிலம் என்று சொல்லும் டேட்டாவை நம்பி எப்படி இருப்பது?

இதைச் சரிசெய்யும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் நாட்டு கார்ட்டோசாட்-1, இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்தது. அதிலிருந்து தயாரித்த உயர அளவுகளை, 2009இல் தொடங்கிய இஸ்ரோவின் புவன் தளம் இலவசமாகத் தந்தது. கேமராவும் மேலே தெரிவதைத்தான் பார்க்கும் என்பதால் அதிலும் மரமும் கட்டடமும் சேர்ந்தே இருக்கும். 2022இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மரங்களையும் கட்டடங்களையும் கணக்குப் போட்டு நீக்கிய உயர வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேல். இருந்தாலும் உங்கள் வாசற்படிக்கும் பக்கத்து வீட்டு வாசற்படிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல, லெவல் கருவியோடு வரும் சர்வேயர்தான் வேண்டும். அல்லது 2023 வெள்ளம் உங்கள் சுவரில் நின்ற கோட்டைப் பாருங்கள். வெள்ளை அடித்து மறைத்துவிடாமல் அங்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். எந்த சாட்டிலைட்டும் தராத துல்லியமான அளவு அது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தம் செய்யலாம். உங்கள் ஊர்க் குளம், வாய்க்கால், பாலம் ஆகியவை அதில் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள். அந்த வரைபடத்தைப் பயன்படுத்தும் சிமுலேட்டர்களின் அடுத்த பதிப்புகளில் அது வந்து சேரலாம். திருத்தும்போது ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். 2 மாடி வீட்டை 212 மாடியாக்கிவிடாதீர்கள்!